ஈயச் சன்னம்: தடை எங்கே விதிக்கப்படல் வேண்டும்?

ஒரு பொருள் நஞ்சு என்று அறியப்படுவதற்கும் அது தடைசெய்யப்படுவதற்கும் இடையே கழியும் காலம், ஒரு சமுதாயத்தில் யாருடைய நலன்கள் முதன்மை பெறுகின்றன என்பதைக் காட்டும் அளவுகோலாகும். வேட்டைத் துப்பாக்கிகளின் தோட்டாக்களில் நிறைக்கப்படும் ஈயச் சன்னத்தைப் பொறுத்தவரையில் இக்காலம் ஒரு நூற்றாண்டையும் கடந்து நீண்டு செல்கின்றது. உண்ணப்பட்ட ஈயச் சன்னத்தினாற் பறவைகள் இறக்கின்றன என்ற செய்தி 1870களிலேயே இங்கிலாந்தில் அச்சேறிவிட்டது. 1894 இல் ஐக்கிய அமெரிக்காவின் இயற்கையியலாளர் ஜோர்ஜ் பேர்ட் கிறினெல், வேட்டைக்காரரே விரும்பிப் படித்த தமது சஞ்சிகையில் நீர்ப்பறவைகள் ஈயத்தால் மடிவதைப் பற்றி எழுதினார். 1919 இல் அலெக்சாண்டர் வெற்மோர் என்ற பறவையியலாளர், ஒரு சில சன்னங்களே ஒரு தாராவைக் கொல்லப் போதுமானவை என்பதைப் பரிசோதனை மூலம் காட்டினார். அந்நாட்டு விவசாயத் திணைக்களமே அவ்வாய்வை வெளியிட்டது. 1959 இல் பிராங்க் பெல்றோஸ் பல்லாயிரக்கணக்கான பறவைகளின் இரைப்பைகளை ஆராய்ந்து, வட அமெரிக்காவின் நீர்ப்பறவைகளில் 2 முதல் 3 சதவீதமானவை ஆண்டுதோறும் ஈய நஞ்சினால் இறக்கின்றன என மதிப்பிட்டார். அந்நாடு முழுவதிலும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயச் சன்னம் தடைசெய்யப்பட்டதோ 1991 ஆம் ஆண்டிலேதான்.

இவ்வரலாறு ஓர் உண்மையை ஐயத்துக்கிடமின்றி உணர்த்துகின்றது. ஈயச் சன்னம் இன்றும் உலகின் பெரும்பகுதியில் விற்பனையாவதற்கு அறிவின்மை காரணமன்று. அறிவு வேண்டிய அளவுக்கு உண்டு. மாற்றுப் பொருள்களும் உண்டு. சில நாடுகளில் சட்டங்களும் உண்டு. ஆயினும் அச்சட்டங்களுட் பல பயனற்றுக் கிடக்கின்றன. அவை ஏன் பயனற்றுப் போயின என்பதே இன்று எழுப்பப்பட வேண்டிய வினாவாகும். அவ்வினாவுக்குரிய விடை எளிமையானது: தடையானது வேட்டைக்காரன் சுடும் இடத்திலே விதிக்கப்பட்டது, அவன் தோட்டா வாங்கும் இடத்திலே விதிக்கப்படவில்லை.

நஞ்சு செயற்படும் முறை

வேட்டைத் தோட்டா ஒன்றினுள் இருநூறுக்கு மேற்பட்ட சிறு சன்னங்கள் இருக்கும். குறி தவறாத வேட்டின்போதுங்கூட அவற்றுட் சிலவே பறவையின் உடலைச் சேரும். எஞ்சியவை யாவும் வயலிலும் வாவியிலும் சதுப்பு நிலத்திலும் வீழ்ந்து, ஆண்டுக்கு ஆண்டு சேற்றிலே சேர்ந்து கிடக்கும். தாராவுக்கும் வாத்துக்கும் அன்னத்துக்கும் பற்கள் இல்லை. அவை சிறு கற்களை விழுங்கித் தமது தசைச் செறிவுள்ள இரைப்பையில் வைத்துக்கொண்டு, அவற்றின் உதவியால் தானியத்தை அரைத்துக்கொள்கின்றன. சேற்றிலே கல்லைத் தேடும் பறவை சன்னத்தையும் கல்லென்று கருதி விழுங்குகின்றது. இரைப்பையின் அரைப்பும் அமிலமும் சேர்ந்து ஈயத்தைக் கரைக்கின்றன. அது குருதியிற் கலக்கின்றது. நரம்புகள் செயலிழக்கின்றன, இறக்கைகள் தொங்குகின்றன, இரைப்பை இயங்காமையால், தீனி நிறைந்திருக்கவே பறவை பட்டினி கிடந்து மெலிந்து சாகின்றது. வேட்டொலி கேட்டுப் பல மாதங்கள் சென்ற பின்னர், புற்களினிடையே ஒதுங்கி ஒவ்வொன்றாக நிகழும் இச்சாவுகள் எவருடைய கண்ணிலும் படுவதில்லை. நரியும் காகமும் உடலத்தை அகற்றிவிடுகின்றன. காணப்படாத சாவு கணக்கில் வராத சாவாகிவிடுகின்றது.

இரண்டாவது வழி கழுகினங்களைத் தாக்குவதாகும். றைபிள் ரவையின் ஈயம் மானின் உடலைத் துளைக்கும்போது நூற்றுக்கணக்கான நுண்துகள்களாகச் சிதறுகின்றது. வேட்டைக்காரன் இறைச்சியை எடுத்துக்கொண்டு குடலையும் கழிவையும் காட்டிலே விட்டுச் செல்கின்றான். காயத்துடன் தப்பியோடிய விலங்கும் எங்கோ வீழ்ந்து கிடக்கின்றது. அவற்றைத் தின்ன வரும் கழுகும் பருந்தும் ஊனோடு ஈயத்தையும் உண்கின்றன. இவ்விலங்குண்ணிகளின் இரைப்பை எலும்பையே செரிக்கவல்ல கடும் அமிலமுடையது. ஆகையால் ஈயம் அங்கு விரைவாகக் கரைகின்றது. ஒரு மானின் எச்சம் பல பறவைகளுக்கு நஞ்சூட்டப் போதுமானது.

"ஈயம் உலோகமாயிருக்கும் வரை தீங்கற்றது, அதன் சேர்மானங்களே நச்சுத்தன்மை உடையன" என்று வாதிடுவோர் இவ்விரு வழிகளையும் மறைத்துவிடுகின்றனர். நிலத்திற் கிடக்கும் ஈயம் உயிருள்ள இரைப்பையினுள்ளே நிலத்திற் கிடந்தபடியே இருப்பதில்லை.

சேதத்தின் அளவு

இச்சேதம் அற்பமானதன்று. பிரித்தானியாவில் மட்டும் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் 50,000 முதல் 100,000 வரையான நீர்ப்பறவைகள் ஈய நஞ்சினால் இறப்பதாக ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். 2022 இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்று, ஈய நஞ்சு இல்லாதிருப்பின் வெண்வால் கடற்கழுகின் வளர்ந்த பறவைகளின் தொகை இப்போதுள்ளதிலும் குறிப்பிடத்தக்க அளவு கூடியிருக்கும் என்றும், இந்நஞ்சினால் அவ்வினத்தின் தொகை 14 சதவீதமும் பொன்னிறக் கழுகின் தொகை 13 சதவீதமும் குறைந்துள்ளன என்றும் கணித்தது. அதே ஆண்டில் 'சயன்ஸ்' இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு, 38 மாநிலங்களைச் சேர்ந்த 1,210 கழுகுகளைப் பரிசோதித்தது. அவற்றுள் ஏறத்தாழ அரைப்பங்கினவற்றின் எலும்பில் நாட்பட்ட ஈய நச்சேற்றத்தின் அடையாளம் காணப்பட்டது. வெண்டலைக் கழுகு அந்நாட்டின் அரச சின்னம் என்பதை நினைவுகூரின் இம்முடிவின் கேலி புலப்படும்.

யாவற்றிலும் துலக்கமான எடுத்துக்காட்டு கலிபோர்ணியக் கொண்டோர் ஆகும். வட அமெரிக்காவின் மிகப் பெரிய பறப்பனவாகிய இப்பிணந்தின்னிக் கழுகினம் 1982 இல் 22 பறவைகள் என்ற அளவுக்கு அருகிவிட்டது. 1987 இல் காட்டில் எஞ்சியிருந்தவை யாவும் பிடிக்கப்பட்டுக் கூடுகளில் இனம் பெருக்கப்பட்டன. 1992 முதல் அவற்றின் குஞ்சுகள் மீண்டும் காட்டில் விடப்பட்டு வருகின்றன. இன்று அவ்வினத்தின் தொகை ஐந்நூறைத் தாண்டியுள்ளது. ஆயினும் இவ்வெற்றி செயற்கையானது. காட்டிலுள்ள பறவைகளைக் காலந்தோறும் பிடித்துக் குருதியைச் சோதித்து, ஈயம் மிகுந்தவற்றுக்கு மருந்தேற்றி, மறுபடியும் அதே காட்டில் விடவேண்டியுள்ளது. 2012 இல் வெளியான ஆய்வின்படி, கலிபோர்ணியாவிற் பறந்து திரியும் கொண்டோர்களில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கின் குருதியில் மருத்துவம் வேண்டும் அளவுக்கு ஈயம் காணப்பட்டது. அவ்வீயத்தின் சமதானி விகிதங்களை ஒப்புநோக்கிய ஆய்வாளர், அது பெரும்பாலும் வேட்டை ரவைகளிலிருந்து வந்தது என்பதையும் காட்டினர். மருத்துவமனைக்கும் நஞ்சுக்கும் இடையே மாறி மாறி வாழும் ஓர் இனம் காப்பாற்றப்பட்டுவிட்டது எனக் கூறுதல் பொருந்தாது.

பாதித் தடைகளின் கதை

தடை பயன்தரும் என்பதற்குச் சான்று உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் 1991 இல் முழுமைபெற்ற நீர்ப்பறவை வேட்டைத் தடையின் விளைவை ஆராய்ந்தோர், 1997 ஆம் ஆண்டிலே மட்டும் ஏறத்தாழ 14 இலட்சம் தாராக்கள் ஈயச் சாவிலிருந்து தப்பின எனக் கணித்தனர். அத்தடை வெற்றி பெற்றதற்கான காரணம் கவனிக்கற்பாலது. நீர்ப்பறவை வேட்டையில் ஈடுபட்டிருப்பவன் ஈயத் தோட்டாவைத் தன்னிடம் வைத்திருத்தலே அங்கு குற்றமாகும். அவன் எதைச் சுட்டான், எதனாற் சுட்டான் என்று அதிகாரி நிரூபிக்க வேண்டியதில்லை. பையைச் சோதித்தலே போதும். எனினும் அத்தடை நீர்ப்பறவை வேட்டையோடு நின்றுவிட்டது. மேட்டுநிலப் பறவை வேட்டையும் றைபிள் வேட்டையும் வெளியே விடப்பட்டன. முப்பது ஆண்டுகளின் பின்னரும் கழுகுகளின் எலும்பில் ஈயம் காணப்படுவது இதனாலேயாகும்.

இங்கிலாந்து இதனினும் வலுவற்ற ஒரு வழியைத் தேர்ந்தெடுத்தது. அங்கு 1999 இல் இயற்றப்பட்ட ஒழுங்குவிதிகள், கடற்கரையோரங்களிலும் குறிப்பிட்ட சில ஈரநிலங்களிலும் ஈயச் சன்னத்தாற் சுடுதலைத் தடைசெய்தன. தாராக்களையும் வாத்துகளையும் எவ்விடத்திலும் ஈயத்தாற் சுடலாகாது என விதித்தன. கடையில் ஈயத் தோட்டா முன்போலவே விற்பனையாயிற்று. அதே தோட்டாவை அதே துப்பாக்கியில் இட்டு வேறொரு பறவையைச் சுடுதல் சட்டத்துக்கு அமைவானது. தாராவைச் சுடுதல் சட்டத்துக்கு மாறானது. விடியற்கருக்கலில் தனியார் நிலமொன்றின் சதுப்பில் நிற்கும் ஒருவன், தலைக்கு மேலே பறந்த பறவை எதுவென்று பார்த்துத் தோட்டாவை மாற்றிக்கொள்வான் என்று அச்சட்டம் எதிர்பார்த்தது போலும். நடந்தது என்ன? இங்கிலாந்தின் இறைச்சிக் கடைகளில் வாங்கிப் பரிசோதிக்கப்பட்ட காட்டுத்தாராக்களில் 70 சதவீதமும் அதற்கு மேலும் சட்டவிரோதமாக ஈயத்தாற் சுடப்பட்டவை என்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் வெளிப்படுத்தின. சட்டமீறல் கடைத்தட்டிலே விலைச்சீட்டுடன் தொங்கியது. ஆனால் அதனைச் செய்தவன் யார், எந்தச் சதுப்பிற் செய்தான் என்பதை நிறுவ எவராலும் இயலவில்லை. நிறுவமுடியாத குற்றத்தை உண்டாக்கிய சட்டம், குற்றவாளிக்கு அளிக்கப்பட்ட அனுமதிப்பத்திரமேயாகும்.

சட்டம் இவ்வாறு தோற்றபின் மனச்சாட்சிக்கு விண்ணப்பம் செய்யப்பட்டது. 2020 பெப்ரவரியில் பிரித்தானியாவின் ஒன்பது வேட்டை, நாட்டுப்புற அமைப்புகள் கூடி, ஐந்து ஆண்டுகளுக்குள் ஈயச் சன்னத்தைத் தாமாகவே கைவிடும்படி தமது உறுப்பினரைக் கேட்டுக்கொண்டன. அவ்வழைப்பின் நேர்மையை ஐயுற வேண்டியதில்லை. அதன் பயன் அளந்து பார்க்கப்பட்டுள்ளது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளரின் தலைமையில், விற்பனைக்கு வந்த பெசன்ற் பறவைகளின் உடலிற் கிடந்த சன்னம் ஆண்டுதோறும் பகுத்தாராயப்பட்டது. முதலாவது பருவத்தில், அதாவது 2020-21 இல், சன்னம் காணப்பட்ட 180 பறவைகளில் 179 ஈயத்தாற் சுடப்பட்டிருந்தன. ஐந்தாவதும் இறுதியுமான 2024-25 பருவத்திலும் 99 சதவீதமானவை ஈயத்தாலேயே சுடப்பட்டிருந்தன. ஐந்து ஆண்டு அறிவுரையின் மொத்த விளைவு இதுவே.

இத்தோல்விக்கு வேட்டைக்காரர் யாவரும் கொடியவர் என்பது காரணமன்று. பழக்கப்பட்ட தோட்டா கையிலிருக்கின்றது; கடையிலும் கிடைக்கின்றது. பக்கத்தில் நிற்பவன் அதனையே பயன்படுத்துகின்றான். தனியொருவன் மாறுவதாற் சதுப்பு நிலம் தூய்மையடையப் போவதுமில்லை. இந்நிலையில் ஒவ்வொருவனும் மற்றவன் மாறட்டும் என்று காத்திருத்தல் இயல்பு. உற்பத்தியாளனோ, கேள்வி இல்லை என்று கூறி மாற்றுத் தோட்டாவைக் குறைவாக உற்பத்தி செய்கின்றான். குறைந்த உற்பத்தி விலையை உயர்த்துகின்றது. உயர்ந்த விலை கேள்வியைக் குறைக்கின்றது. இவ்வட்டத்தைத் தனிமனித ஒழுக்கத்தால் உடைக்க முடியாது. உற்பத்தியும் விற்பனையும் உள்ள இடத்திலேதான் அது உடைக்கப்படல் கூடும்.

தன்னார்வ முறை வெற்றி பெற்றதற்கு அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் உதாரணமாகக் காட்டப்படுவதுண்டு. அங்கு 2005 முதல், கொண்டோர் வாழும் பகுதியில் வேட்டையாடுவோருக்கு ஈயமற்ற ரவைகளை மாநில அரசு இலவசமாக வழங்கியது; பெரும்பாலானோர் ஒத்துழைத்தனர். அவ்வொத்துழைப்பு பாராட்டுதற்குரியது. ஆனால் அரிசோனாவிலும் அயலிலுள்ள யூற்றாவிலும் திரியும் கொண்டோர்களின் சாவுக்கு முதற்காரணமாக ஈயமே தொடர்ந்து இருந்துவந்துள்ளது. பத்துப் பேரில் ஒன்பது பேர் மாறினும், பத்தாமவன் விட்டுச்சென்ற ஒரு குடற்குவியலைச் சுற்றிப் பல பறவைகள் கூடுகின்றன. பெரும்பான்மையின் நல்லெண்ணம் போதாத பிரச்சினை இது.

கலிபோர்ணியாவின் அனுபவமும் அதனையே வேறொரு வகையிற் கூறுகின்றது. அங்கு 2007 இல் இயற்றப்பட்ட சட்டம் கொண்டோர் வாழும் பகுதியில் மட்டும் ஈய ரவைகளை விலக்கியது. 2013 இல் இயற்றப்பட்ட சட்டம் அவ்விலக்கை மாநிலம் முழுவதற்கும் விரித்தது; அது 2019 யூலை 1 ஆம் திகதி முழுமையாக நடைமுறைக்கு வந்தது. நாட்டிலேயே மிகக் கடுமையான சட்டம் இதுவாகும். எனினும் அங்கும் விலக்கப்பட்டது விலங்குகளை ஈயத்தாற் சுடுதலேயன்றி, ஈய ரவையை விற்றலன்று. இலக்குப் பயிற்சிக்கென அது இன்றும் வாங்கத்தக்கது. மலைகளும் பள்ளத்தாக்குகளும் நிறைந்த அப்பெருநிலத்தில் ஒவ்வொரு வேட்டையையும் கண்காணிக்க எந்த அரசாங்கத்தாலும் முடியாது. கொண்டோர்களின் குருதியில் ஈயம் இன்றுவரை காணப்படுகின்றது. இதனைச் சுட்டிக்காட்டி "தடைவிதித்தும் பயனில்லை" என எதிர்ப்பாளர் கூறுவர். அவர்கள் கூறுவதிற் பாதி உண்மை: பாதித் தடையினாற் பயன் முழுமையடைவதில்லை.

டென்மார்க் காட்டிய வழி

டென்மார்க் நாடு 1980களின் நடுப்பகுதியில் முக்கியமான ஈரநிலங்களில் ஈயச் சன்னத்தை விலக்கியது. ஏனைய நாடுகளைப் போலவே அதுவும் பாதித் தடையிலேயே தொடங்கியது. ஆனால் அது அவ்விடத்தில் நிற்கவில்லை. 1996 முதல் ஈயச் சன்னத் தோட்டாக்களைப் பயன்படுத்துதல் மட்டுமன்றி விற்றலும் உடைமையாக வைத்திருத்தலும் அந்நாட்டிற் குற்றமாயின. காடு, வயல், வாவி என்ற வேறுபாடு மறைந்தது. தாரா, பெசன்ற் என்ற வேறுபாடும் மறைந்தது. 2019 இல் வெளியான ஆய்வொன்று அந்நாட்டிற் சுடப்பட்ட தாராக்களையும் பெசன்ற்களையும் பரிசோதித்து, ஈயத்தாற் சுடப்பட்டவை மிகச் சிலவே எனக் கண்டது. வடகடலின் இருபுறத்திலும் ஒரே வகைப் பறவைகள் சுடப்படுகின்றன. ஒரே வகைத் துப்பாக்கிகள் பயன்படுகின்றன. ஒரு கரையில் ஏறத்தாழ எல்லாப் பறவைகளிலும் ஈயம். மறுகரையில் அது அரிது. டேனியர் ஆங்கிலேயரைவிட ஒழுக்கத்திற் சிறந்தவர் என்பது இவ்வேறுபாட்டுக்கு விளக்கமாகாது. டேனியருக்குக் கடையில் ஈயத் தோட்டா கிடைப்பதில்லை என்பதே விளக்கம். 2024 ஏப்ரில் 1 முதல் வேட்டைக்கான ஈய றைபிள் ரவைகளையும் டென்மார்க் தடைசெய்தது. சன்னம், ரவை ஆகிய இரண்டையும் வேட்டையிலிருந்து நீக்கிய முதல் நாடு அதுவே.

பெற்ற வெற்றி நிலையானது என்று எண்ணுதலும் தவறு. நோர்வே 2005 இல் ஈயச் சன்னத்தை முற்றாகத் தடைசெய்து, 2015 இல் ஈரநிலங்களுக்கு வெளியே அதனை மீண்டும் அனுமதித்தது. புதிய விஞ்ஞான உண்மை எதுவும் இப்பின்வாங்கலுக்குக் காரணமாகவில்லை. அரசியல் நெருக்குதலே காரணமாயிற்று.

எதிர்வாதங்கள்

ஈயமற்ற சன்னத்துக்கு எதிராகக் கூறப்படும் வாதங்கள் மூன்று. முதலாவது, உருக்குச் சன்னம் ஈயத்திலும் இலேசானதாகையாற் பறவையைக் கொல்லாது காயப்படுத்தும் என்பது. உருக்கின் அடர்த்தி ஈயத்தினதிலும் குறைவு என்பது உண்மை. அதற்கேற்பப் பெரிய சன்னத்தைத் தெரிந்து, அண்மையிலிருந்து சுடல் வேண்டும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திற் புறா வேட்டைக்காரருக்கு எது ஈயம், எது உருக்கு என்று தெரிவிக்காமலே தோட்டாக்களைக் கொடுத்து நடத்திய ஆய்வு 2015 இல் வெளியாயிற்று. வீழ்த்தப்பட்ட பறவைகளின் தொகையிலோ காயமுற்றவற்றின் தொகையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு அதிற் காணப்படவில்லை. டென்மார்க்கில் ஈயம் விலக்கப்பட்ட பின்னர், 1997 இல், தூரத்திலிருந்து சுடுதலைக் குறைக்கும் இயக்கம் தொடங்கிற்று. அதன் பயனாக, உடலிற் சன்னத்தைச் சுமந்து திரியும் வாத்துகளின் விகிதம் குறைந்ததேயன்றிக் கூடவில்லை. காயப்படுத்துவது உலோகமன்று, எட்டாத தூரத்திலிருந்து சுடும் பேராசையே காயப்படுத்துகின்றது. உருக்கு ஒவ்வாத பழைய துப்பாக்கிகளுக்குப் பிசுமது, தங்குதன் ஆகியவற்றாலான சன்னங்களும், றைபிள்களுக்குச் செப்பு ரவைகளும் உண்டு.

இரண்டாவது வாதம் விலை பற்றியது. பிசுமதும் தங்குதனும் விலை கூடியன என்பதை மறுப்பதற்கில்லை. உருக்குத் தோட்டா அவ்வாறன்று. பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்படும் இடங்களில் அதன் விலை ஈயத் தோட்டாவின் விலையை ஒட்டியே அமைகின்றது. தவிரவும், ஈயத்தின் குறைந்த விலை உண்மையான விலையன்று. செத்த பறவைக்கும் கெட்ட மண்ணுக்கும் கொண்டோருக்கு ஏற்றப்படும் மருந்துக்கும் உரிய செலவை வேறொருவர் செலுத்துகின்றார். அச்செலவைத் தோட்டாவின் விலையிற் சேர்ப்பின் ஈயம் மலிவானதென்று எவரும் கூறார்.

மூன்றாவது வாதம் அரசியல் சார்ந்தது: ஈயத் தடை என்பது வேட்டையையே ஒழிப்பதற்கான பின்கதவு என்பது. வேட்டையை வெறுப்போருட் சிலர் இத்தடையை ஆதரிப்பது மெய்யே. ஆயினும் டென்மார்க்கில் வேட்டைக்காரரின் தொகை தடைக்குப் பின்னர் குறையவில்லை. அவர்களது அமைப்பே மாற்றத்துக்குத் துணைநின்றது. அமெரிக்காவின் நீர்ப்பறவை வேட்டையும் 1991 உடன் முடிந்துவிடவில்லை. வேட்டை சரியா, தவறா என்பது வேறொரு விவாதம். சுட்ட பறவைக்கு அப்பால் சுடாத பறவையையும் கொல்லும் உரிமை எவருக்கும் உண்டா என்பதே இவ்விவாதம்.

இறைச்சியை உண்போர்

ஈயத்தின் பயணம் பறவைகளோடு முடிவதில்லை. குழந்தைகளின் குருதியில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என ஒன்று இல்லை என்பது உலக சுகாதார தாபனத்தின் நிலைப்பாடாகும். 2008 இல் அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில், வேட்டைக்காரர் ஏழைகளுக்கென உணவு வங்கிகளுக்கு அன்பளிப்புச் செய்த மானிறைச்சிப் பொதிகள் கதிர்ப்படம் பிடித்துப் பார்க்கப்பட்டன. பாதிக்கு மேற்பட்ட பொதிகளில் உலோகத் துகள்கள் காணப்பட்டன. அவ்விறைச்சியை அகற்றிவிடும்படி மாநில அதிகாரிகள் கூறினர். அம்மாநிலத்தில் 700க்கு மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட குருதிச் சோதனை, வேட்டையிறைச்சியை உண்போரிடம் ஈயத்தின் அளவு உண்ணாதோரிலும் கூடுதலாயிருந்ததைக் காட்டியது. கிறீன்லாந்தில் கடற்பறவைகளை உணவாகக் கொள்ளும் மக்களின் குருதியிலுள்ள ஈயத்துக்கும் சன்னமே முக்கிய மூலம் என்று ஆய்வுகள் கூறுகின்றன. பொழுதுபோக்குக்காகச் சுடுபவன் தான் விரும்பினால் அவ்விறைச்சியைத் தவிர்த்துக்கொள்ளலாம். வயிற்றுக்காக வேட்டையாடுபவனுக்கும் தானமாக வந்த பொதியைத் திறக்கும் தாய்க்கும் அத்தெரிவு இல்லை. நஞ்சின் சுமை எப்பொழுதும் போலக் கீழ்நோக்கியே இறங்குகின்றது.

ஆகவே, தடை ஏழை வேட்டைக்காரனை வருத்தும் என்று கூறி அதனை எதிர்ப்போர் உண்மையில் அவனுக்காகப் பேசவில்லை. அவனுக்கு வேண்டியது மலிவான நஞ்சு அன்று. அதே விலையில் நஞ்சற்ற தோட்டா. கையிருப்பிலுள்ள ஈயத் தோட்டாக்களை மாற்றிக் கொடுத்தலும் இடைக்காலத்தில் விலைக்குறையை ஈடுசெய்தலும் அரசின் கடமைகள். அரிசோனா ரவைகளை இலவசமாகவே வழங்கியது என்பது இது இயலாத செயலன்று என்பதைக் காட்டுகின்றது.

அரசுகளின் தயக்கம்

இத்தனை சான்றுகள் இருந்தும் அரசுகள் தயங்குவது ஏன்? ஐக்கிய அமெரிக்காவில் 1976 இல் நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டபோதே தோட்டாக்களும் ரவைகளும் அதன் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டன. 2017 சனவரி 19 ஆம் திகதி, ஒபாமா ஆட்சியின் கடைசி முழுநாளில், கூட்டரசின் வனவிலங்குப் புகலிடங்களில் ஈயத்தைப் படிப்படியாக நீக்கும் கட்டளை பிறந்தது. அடுத்த ஆட்சியின் உள்நாட்டு அமைச்சர் றயன் சிங்கி மார்ச் 2 ஆம் திகதி பதவியேற்ற முதல்நாளிலேயே அதனை நீக்கினார். ஆறு வாரங்களில் விஞ்ஞானம் மாறிவிடவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2023 பெப்ரவரி 15 முதல் ஈரநிலங்களிலும் அவற்றைச் சூழ்ந்த 100 மீற்றர் எல்லையிலும் ஈயச் சன்னத்தை விலக்கியுள்ளது. இதுவும் இடத்தை அடிப்படையாகக் கொண்ட தடையே. எல்லையளக்கும் நாடாவைக் கையில் வைத்திருக்க வேண்டிய தடை. பெரிய பிரித்தானியாவின் அரசாங்கம் 2025 யூலையில், 1 சதவீதத்துக்கு மேல் ஈயம் கொண்ட சன்னத்தையும் 3 சதவீதத்துக்கு மேல் ஈயம் கொண்ட ரவைகளையும் மூன்று ஆண்டு அவகாசத்துடன் கட்டுப்படுத்தப் போவதாக அறிவித்தது. இராணுவமும் பொலிசும் அதற்குப் புறம்பானவை. தன்னார்வ முறை தோற்றுவிட்டது என்பதை அவ்வறிவிப்பு வாய்திறந்து கூறாமலே ஒப்புக்கொண்டது. அது கடைவரை சென்று செயற்படின் பயன் தரும். சதுப்போடு நின்றுவிடின் 1999 இன் கதையே மீளும்.

இவ்விடத்து ஈயத்தின் இன்னொரு வரலாற்றை ஒப்புநோக்குதல் தகும். பெற்றோலில் ஈயம் கலக்கப்பட்டு வந்த காலத்தில், ஈயமின்றேல் இயந்திரம் கெடும், விலை ஏறும், மாற்று இல்லை என்று இதே வாதங்கள் கூறப்பட்டன. இலங்கையில் 2002 இல் ஈயப் பெற்றோல் நிறுத்தப்பட்டது. 2021 இல் அல்ஜீரியாவும் நிறுத்தியதோடு உலகின் எந்த நாட்டிலும் வாகனங்களுக்கு ஈயப் பெற்றோல் விற்கப்படாத நிலை உருவாகியது. அவ்வெற்றி எவ்வாறு கிட்டியது? சாரதிகளின் மனச்சாட்சிக்கு விண்ணப்பம் செய்து கிட்டவில்லை. பாடசாலைகளுக்கு அருகே மட்டும் ஈயப் பெற்றோலை எரிக்கலாகாது என்று சட்டமியற்றியும் கிட்டவில்லை. எரிபொருள் நிலையத்தின் குழாயிலிருந்தே ஈயம் அகற்றப்பட்டது. அதன்பின் நல்ல சாரதியும் தீய சாரதியும் ஒரே பெற்றோலையே ஊற்றினர்.

தோட்டாவுக்கும் இதுவே வழி. சதுப்பு நிலத்தில் ஒளிந்து நின்று வேட்டைக்காரனைப் பிடிக்க முயலும் சட்டம் இருபத்தைந்து ஆண்டுகளாகத் தோற்று வந்துள்ளது. அவனது மனத்தை மாற்ற முயன்ற அறிவுரை ஐந்து ஆண்டுகளில் தோற்றது. பயன்பாடு, விற்பனை, உடைமை ஆகிய மூன்றையும் ஒருங்கே தடைசெய்த சட்டம் டென்மார்க்கில் வென்றுள்ளது. 1894 இலேயே தெரிந்திருந்த ஓர் உண்மைக்கு இன்னும் ஆய்வு வேண்டும், இன்னும் அவகாசம் வேண்டும், இன்னும் கலந்துரையாடல் வேண்டும் என்று கூறுவோர் வேண்டுவது அறிவையன்று, காலத்தையே. அக்காலத்தின் ஒவ்வொரு குளிர்பருவத்துக்கும் உரிய விலையைச் சேற்றிலே கல் தேடும் பறவைகளும், அவற்றை உண்ணும் பறவைகளும், இறைச்சியை உண்ணும் எளிய மனிதரும் செலுத்தி வருகின்றனர்.